அப்பாவையும் ராஜாவையும் சும்மா நிற்க வைக்காதே!

தங்கச்சி, உனக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் ஆபீஸ், வீட்டுக்கு வந்தால் அடுப்பு, அப்புறம் பிள்ளையின் ஹோம்வொர்க். எல்லாரும் தூங்கின பிறகு போனில் கட்டைவிரலால்தான் கதை எழுதுகிறாய். வந்தியத்தேவனுக்கு இன்னொரு சாகசம், லெகோலஸுக்கு ஒரு தங்கை, இந்திரஜித் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன். எழுதும்மா, நல்ல காரியம். ஆனால் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு வருகிற கதைகளில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். நாயகனும் நாயகியும் உயிரோடு இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அரசன், அரசி நாலு பேரும் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நிற்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கோபப்படவும், கடைசி அத்தியாயத்தில் தாலி எடுத்துக் கொடுக்கவும்தான் வாயைத் திறக்கிறார்கள்.

நான் இருப்பது கொல்கத்தாவில், கிடர்பூரில். இந்த விஷயத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான பேட்டை எனக்குத் தெரியாது. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத் பிள்ளைப் பருவத்தில் வளர்ந்த இடம் இது. அவர் அப்பா ராஜ்நாராயண் தத், சதர் திவானி அதாலத்தில் வக்கீல்; வீடு இங்கேதான். இங்கிருந்து ஆட்டோ ஏறினால் மெட்டியாபுருஜ். நாடு பறிபோன அவத் நவாப் வாஜித் அலி ஷா, 1856இல் வந்து தங்கியதும், 1887இல் கண்ணை மூடியதும் அங்கேதான். தத் என்ன செய்தார்? ராமாயணத்தை எடுத்து, ராவணன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து எழுதினார். நவாப் என்ன செய்தார்? ராதை கண்ணன் கதையை எடுத்து நாட்டிய நாடகமாக்கி அரண்மனையில் ஆடவைத்தார். ஊரறிந்த கதை ஒன்றின் மேல் ஆசைப்பட்டு, அதற்குள் தங்கள் கதையை எழுதிய ஆட்கள் இரண்டு பேரும், உன்னைப் போல. அதனால் அவர்களை வைத்தே சொல்கிறேன், கவனமாகக் கேள்.

1. கோபக்கார அப்பாவைக் கோபத்தோடு விட்டுவிடாதே.

உன் கதையில் அப்பா ‘இனி நீ என் மகனே இல்லை’ என்று கத்துகிறார், கதவைச் சாத்துகிறார், அதோடு சரி. நிஜ அப்பா அப்படி இருப்பாரா? மதுசூதன் 1843இல் கிறிஸ்தவரானார். ஒற்றைப் பிள்ளை. வீட்டில் பார்த்து வைத்த கல்யாணமும் பிடிக்கவில்லை, இங்கிலாந்து போக வேண்டும் என்ற வெறி வேறு. பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள முடியாமல் போன அதே அப்பா, பிஷப்ஸ் காலேஜில் அவன் படிக்கப் பணம் கட்டினார். கொஞ்ச காலம் கழித்து அதையும் நிறுத்தினார். பணம் நின்ற பிறகு மகன் 1848இல் கப்பலேறிப் போய் இறங்கியது எங்கே? நம் மெட்ராஸில். அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் வாத்தியார் வேலை. முதல் நூலை 1849இல் அங்கேதான் அச்சிட்டார். அவர் அங்கே இருந்தபோதே அம்மாவும் போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்ச் சேர்ந்தார். 1856இல் திரும்பி வந்தால் கிடர்பூர் வீடும் சொத்தும் உறவுக்காரர்கள் கையில்.

இதில் அப்பா நல்லவரா கெட்டவரா? சொல்ல முடியாதில்லையா, அதுதான் உனக்கு வேண்டும். கோபத்தில் இருக்கிற அப்பாவுக்கு, அந்தக் கோபத்துக்கு நேர் எதிராக ஒரு காரியம் கொடு. பேச்சை நிறுத்திவிட்டு ஃபீஸ் கட்டட்டும். நாடு கடத்திவிட்டுக் குதிரைக்குக் கொள்ளும் சேர்த்து அனுப்பட்டும். ஒரு வரி போதும், பக்கக் கணக்கில் விளக்காதே.

2. ராஜா பிள்ளையைப் போருக்கு அனுப்பும் காட்சியை அவசரமாகத் தாண்டாதே.

‘வெற்றியோடு வா மகனே’ என்று திலகமிட்டு அனுப்புகிறீர்கள் எல்லாரும். தத் எழுதிய ‘மேகநாதவத காவியம்’ 1861இல் வந்தது, ஒன்பது சர்க்கம். முதல் சர்க்கத்தின் முடிவில் ராவணன் மகன் மேகநாதன், அதாவது இந்திரஜித், ஓடி வந்து, நான் இருக்கும்போது நீங்கள் போருக்குப் போவதா, எனக்கு உத்தரவு கொடுங்கள் என்று கேட்கிறான். ராவணனுக்கு மனசே வரவில்லை. இன்னொரு பிள்ளை வீரபாகு அன்றுதான் செத்திருக்கிறான். ஆனாலும் அவன் ராஜா, வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் அப்பாவாக ஒரு நிபந்தனை போடுகிறான்: பொழுது சாய்ந்துவிட்டது, முதலில் நிகும்பிலையில் யாகத்தை முடி, காலையில் போ.

எவ்வளவு சாதாரணமான பேச்சு பார். ‘சாப்பிட்டுவிட்டுப் போ’ என்கிற மாதிரிதான். ஆனால் அந்த யாகசாலையில்தான், கையில் ஆயுதம் இல்லாமல், பூஜையில் உட்கார்ந்திருக்கும்போது லட்சுமணன் கையால் அவன் சாகிறான். ஆயுதம் எடுக்கப் போகவிடாமல் வாசலை மறித்து நிற்பது சித்தப்பா விபீஷணன். பிள்ளையைக் காப்பாற்ற அப்பா சொன்ன அந்த ஒரு பேச்சே அவனைச் சாகும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. காவியத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை, நீயும் சொல்லாதே. நேரமில்லாதவளுக்கு இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: வில்லனுக்குப் பெரிய சதித்திட்டம் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, அப்பாவின் அக்கறையிலேயே ஆபத்தை வை. சதி தானாக அமையும்.

3. அம்மாவை அழவைத்தால் போதாது, சபைக்கு வரவை.

அந்தக் காவியத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் யார் தெரியுமா? மேகநாதனும் இல்லை, அவன் பெண்டாட்டி பிரமீளாவும் இல்லை. சித்திராங்கதை. ராவணனின் இன்னொரு மனைவி, வீரபாகுவின் அம்மா. வால்மீகியில் இவர்கள் கிடையாது. கிருத்திவாசர் எழுதிய வங்க ராமாயணத்தில் இருக்கிற சின்னப் பாத்திரங்கள். தத் அவளைத் தூக்கி முதல் சர்க்கத்திலேயே, ராவணன் கொலுவிருக்கும் சபையின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறார்.

மகன் செத்த செய்தி கேட்டுத் தோழிகளோடு அழுதுகொண்டே வருகிறாள். வந்து என்ன கேட்கிறாள்? எனக்கென்று இருந்தது ஒரே ஒரு ரத்தினம், பத்திரமாக இருக்கட்டும் என்று உன்னிடம் கொடுத்து வைத்தேன், அது எங்கே, ஏழையின் பொருளைக் காப்பது அரசன் கடமையாயிற்றே என்கிறாள். புருஷனிடம் அழவில்லை. குடிமகள் ராஜாவிடம் கணக்குக் கேட்கிறாள். ராவணன் சமாதானம் சொல்கிறான்: உனக்கு ஒரு பிள்ளை, எனக்கு நூறு பிள்ளைகளின் துக்கம், வீரனைப் பெற்றவள் அழலாமா, நாட்டுக்காக அல்லவா உயிர் விட்டான். எல்லா ராஜாவும் சொல்லும் பதில்தானே இது? உன் கதை என்றால் இந்த இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். சித்திராங்கதை போகவில்லை. நாட்டைக் காக்கச் செத்திருந்தால் பாக்கியம்தான், ஆனால் ராமன் உன் நாட்டுக்கு ஆசைப்பட்டா இவ்வளவு தூரம் வந்தான், இந்த நெருப்பை வைத்தது யார், உன் வினையால் நீயும் மூழ்கி எங்கள் குலத்தையும் மூழ்கடித்தாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறாள்.

தத்துக்கு ராவணன் மேல் கொள்ளைப் பிரியம், தெரியுமா? ராமனும் அவன் கூட்டமும் தன்னை ஈர்க்கவில்லை, ராவணனை நினைத்தால்தான் கற்பனை எழும்புகிறது என்று நண்பர் ராஜ்நாராயண் பாசுவுக்குக் கடிதமே எழுதினார். அப்படிப்பட்டவர், தனக்குப் பிடித்த நாயகனைக் கேட்க வேண்டிய கேள்வியை வீட்டுக்குள்ளிருந்தே ஓர் அம்மாவின் வாயால் கேட்க வைத்துவிட்டார். உனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் எவ்வளவு ஆசையோ, அவ்வளவு கடினமான கேள்வியை அவன் அம்மாவோ மனைவியோ கேட்கட்டும். ரசிகை எழுதும் கதையில் இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. நாயகனைத் திட்ட உங்களுக்கு மனசு வராது.

இன்னொன்று: கேட்டு முடித்ததும் அவளை அனுப்பிவிடு. பெரிய பேச்சு பேசிய துணைப்பாத்திரத்தை அடுத்த அத்தியாயத்திலும் உட்கார வைத்துக் காப்பி கொடுக்காதே.

4. பிள்ளையைத் தடுக்க முடியாத அம்மாவுக்குக் கையில் ஏதாவது கொடு.

மண்டோதரியும் அதே காவியத்தில் பயந்த அம்மாதான். ராத்திரி முழுக்கக் கோயிலில் வேண்டிக்கொண்டு கிடந்தவள். மகனும் மருமகளும் ஆசி வாங்க வந்தபோது மகனைத் தடுக்க அவளால் ஆகவில்லை. மருமகளை மட்டும் என்னோடு இரு என்று தன்னிடம் நிறுத்திக்கொள்கிறாள். பிள்ளை போனாலும் அவனுடையது என்று ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்ற நினைப்பு. இதை எழுத உனக்கு நாலு வரிகூட ஆகாது.

5. செத்துப்போன அப்பா வந்தால் வெறுங்கையோடு வரக் கூடாது.

கனவில் அப்பா வருகிறார், ‘உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்’ என்கிறார், மறைகிறார். போதும்மா, இனி எழுதாதே. எட்டாவது சர்க்கத்தில் ராமன் பிரேதலோகத்துக்குப் போய் தசரதனைப் பார்க்கிறான். தசரதன் பாசத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அடிபட்டுக் கிடக்கிற லட்சுமணனை எழுப்ப எந்த மலையில் எந்த மூலிகை என்று சொல்லி அனுப்புகிறார். இறந்த பெற்றோர் வந்தால் ஒரு சாவியோ, ஒரு பெயரோ, ஒரு எச்சரிக்கையோ கொண்டுவரட்டும். கதை அதனால் ஒரு அடி நகர வேண்டும்.

6. ராஜாவைக் கொல்லாதே, படுக்க வை.

சிம்மாசனம் காலியானால் கதை சூடு பிடிக்கும் என்று மூன்றாம் பக்கத்திலேயே ராஜாவுக்கு விஷம் வைத்துவிடுகிறாய். அப்புறம் பட்டாபிஷேகத்தைத் தவிர எழுத என்ன இருக்கிறது? கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பார். சுந்தர சோழருக்குக் கால் வழங்காது, தஞ்சாவூர் அரண்மனையில் படுத்த படுக்கை. ஒரு மகன் காஞ்சியில், ஒரு மகன் ஈழத்தில். தனாதிகாரமும் கோட்டைக் காவலும் பழுவேட்டரையர்கள் கையில். அப்பா எழுந்து நடக்க முடியாததால்தான் ஓலை வேண்டியிருக்கிறது, ஓலை கொண்டுபோக வந்தியத்தேவன் வேண்டியிருக்கிறது, அவனைத் தடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. ஐந்து பாகம் ஓடுகிற கதைக்கு அந்தக் கட்டில் ஒரு பெரிய ஆதாரம். பழைய குற்றவுணர்ச்சி ஒன்றும் அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. படுத்திருந்தாலும் அந்த மனுஷருக்கென்று ஒரு கதை இருக்கிறது, கவனித்தாயா?

ராஜா நோயாளியானால் உடனே ஒரு தாளில் இதை எழுதிக்கொள்: முத்திரை யாரிடம், நெற்களஞ்சியச் சாவி யாரிடம், ராஜாவைப் பார்க்க யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும். அரசாங்கத்தைப் பற்றி வேறு ஆராய்ச்சி உனக்குத் தேவைப்படாது.

7. ராஜா அசையாவிட்டால் வீட்டுப் பெண்கள் அசைவார்கள்.

இதைக் கற்பனை என்று நினைக்காதே, மெட்டியாபுருஜ் நவாப் வீட்டில் நடந்தது. 1856 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் லக்னோவில் வாஜித் அலி ஷாவிடம் நாட்டை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. தலைப்பாகையைக் கழற்றி ரெசிடென்ட் ஔட்ரம் கையில் வைத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. சத்யஜித் ராய் 1977இல் எடுத்த ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் அம்ஜத் கான் அந்த ராஜாவாக நடித்திருக்கிறார், தேடிப் பார். ராஜ்யம் போகும் காட்சியை எழுதப் பத்துப் பக்க வசனம் வேண்டாம், தலையிலிருந்து ஒரு பொருள் இறங்கினால் போதும் என்று புரியும்.

அதன்பிறகு நடந்ததைக் கேள். நவாப் கொல்கத்தா வரை வந்து நின்றுவிட்டார். அவர் அம்மா மலிகா கிஷ்வர் நிற்கவில்லை. பர்தாவை விட்டு வெளியே வராத அந்த அம்மாள் அதே வருஷம் கப்பலேறி, கடல் தாண்டி லண்டனுக்கே போய் விக்டோரியா ராணியைப் பார்த்தார். ராணியும் ஒரு தாய்தானே, பேசினால் கேட்பாள் என்ற நம்பிக்கை இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். காரியம் நடக்கவில்லை. திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிஸில் இறந்தார். அந்த ஊர் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அதற்குள் லக்னோவில் நவாப் விட்டுவிட்டு வந்த பேகம் ஹஸ்ரத் மஹல், 1857இல் சின்னப் பையனான மகன் பிர்ஜிஸ் கத்ருக்கு முடிசூட்டிக் கம்பெனிக்கு எதிரான கலகத்தை நடத்தினார். தோற்று நேபாளம் போய், 1879இல் அங்கேயே இறந்தார். அந்த 1857இல் நவாப் எங்கே இருந்தார்? கொல்கத்தா வில்லியம் கோட்டையில், காவலில்.

ஒரு ராஜா, அவர் அம்மா, அவர் பேகம். மூன்று பேரும் மூன்று ஊரில், ஒருவருக்கு மற்றவர் கதி உடனே தெரியாது. தந்தி, கப்பல், வதந்தி. இதைவிடப் பெரிய ஃபேன்டஸி எங்கே இருக்கிறது? உன் எல்ஃப் ராஜ்யத்திலோ சோழ மண்டலத்திலோ ராஜா சிறைப்பட்டால், அடுத்த அத்தியாயத்தை நேரே அவர் அம்மாவிடம் கொண்டுபோ.

ஒரு கண்டிப்பான பேச்சு: இப்படி நிஜ மனுஷர்களைக் கதையில் எடுத்தால், அவர்கள் வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள் என்பதை மறக்காதே. அந்தப்புரக் கிசுகிசு எழுதி ‘லைக்’ வாங்காதே. பெயரை மாற்று, ராஜ்யத்தை மாற்று, துக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்.

8. கெட்ட ராஜாவைக் கெடுத்தது யார் என்று உனக்காவது தெரிய வேண்டும்.

ராயின் ‘கூபி கைன் பாகா பைன்’, 1969இல் வந்த படம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார். சுண்டி ராஜாவும் ஹல்லா ராஜாவும் அண்ணன் தம்பி. சந்தோஷ் தத்தா ஒருவரே இரண்டு வேஷம். ஹல்லா ராஜா போர் போர் என்று கத்துவது மந்திரி கொடுக்கும் மருந்தால். மருந்து தெளிந்தால் குழந்தை மாதிரி. டோல்கீனில் மருந்துக்குப் பதில் துக்கம்: தியோடன் ராஜாவும் பிள்ளையை இழந்தவர், டெனெதோரும் பிள்ளையை இழந்தவர். ஒருவர் எழுந்து நிற்கிறார், இன்னொருவர் உடைகிறார். டெனெதோரை வெறும் கொடுமைக்கார அப்பாவாக எழுதுகிறவர்கள் மகன் போரோமிர் செத்த துக்கத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நீயாவது எடு.

9. தாராளமான அப்பாவிடம் ஜாக்கிரதையாக இரு.

மகாபாரதத்தில் யயாதி ராஜாவிடம் காலவன் என்ற முனிவன் குதிரை கேட்டு வந்தான். எண்ணூறு வெள்ளைக் குதிரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காது கறுப்பு. யயாதியிடம் குதிரை இல்லை. இல்லை என்று சொல்ல ராஜகௌரவம் விடவில்லை. மகள் மாதவியைக் கொடுத்துவிட்டான், அவளை வைத்துக் குதிரை சம்பாதித்துக்கொள் என்று. வள்ளல் என்ற பெயர் அவனுக்கு, அடுத்தடுத்து அரசர்களுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த பாடு அவளுக்கு. எம்.வி. வெங்கட்ராம் இதைத்தான் ‘நித்யகன்னி’ நாவலாக எழுதினார். உன் நாயகியின் அப்பா நல்லவர், வல்லவர், கேட்டதைக் கொடுப்பவர் என்று எழுதும்போதெல்லாம், கொடுத்தது யாருடைய பொருள் என்று ஒரு தரம் கேட்டுப் பார்.

10. மூலக்கதையில் இல்லாத அம்மா உனக்குக் கிடைத்த காலிமனை.

லெகோலஸின் அம்மாவைப் பற்றி டோல்கீன் ஒன்றுமே எழுதவில்லை. இப்படி இடம் கிடைத்தால் உடனே ஒரு தேவதையைப் படைத்துப் பிரசவத்தில் சாகடிக்காதே. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். உயிரோடு இருக்கட்டும், வேறு ஊரில் இருக்கட்டும், ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கட்டும்.

இனி சில்லறை விஷயங்கள், வேகமாகச் சொல்கிறேன்:

• சபையில் ‘அரசே’, தனியறையில் ‘அப்பா’. எப்போது மாற்றிக் கூப்பிடுகிறாள் என்பதில் சண்டையும் சமாதானமும் தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் தவறிப்போய் ‘அப்பா’ என்றால் சபை திரும்பிப் பார்க்கட்டும்.

• ராஜாவுக்குத் தினசரி வேலை ஒன்று வை. வழக்குக் கேட்கட்டும், ஏரிக்கரை உடைந்ததற்குப் பணம் ஒதுக்கட்டும். சும்மா சிம்மாசனத்தில் உட்கார்ந்து மகளின் காதலை மட்டும் விசாரிக்கிற ராஜாவுக்கு நாடு எதற்கு?

• அம்மா, அப்பா இரண்டு பேரும் எல்லாவற்றிலும் ஒரே கட்சி என்றால் ஒருவரை எடுத்துவிடு. உனக்கும் டைப் அடிக்கிற வேலை மிச்சம்.

• கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அவற்றை வைத்து எழுதுவதில் பயமில்லை. டோல்கீன், ரௌலிங் உலகத்தை ஆசைக்கு எழுது, காசுக்கு விற்காதே.

• அடுத்த தடவை எனக்கு அனுப்பும்போது நாயகி குதிரையேறும் அத்தியாயத்தை அனுப்பாதே. அவள் போன பிறகு, அரண்மனையில் அவள் அப்பா யாரைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்ற பக்கத்தை அனுப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எனக்கும் அடுப்பில் வேலை இருக்கிறது.